கையிலா, பேனலிலா? குட்டி விமானங்களுக்கு ஏற்ற ஜி.பி.எஸ். எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, டெஸ்க்டாப் வாங்கலாமா, லேப்டாப் வாங்கலாமா என்பதுதான். ஒன்று கையோடு எடுத்துச் செல்ல வசதியானது. மற்றொன்று ஒரே இடத்தில் இருந்து உழைக்கக் கூடியது. விலையையும் தேவையையும் பார்த்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்வு சரியில்லை என்றால் கொஞ்சம் பணம் வீணாகும், அவ்வளவுதான்.

இதே கேள்வி குட்டி விமானம் வைத்திருப்பவர்களுக்கும் வரும். ஆனால் அங்கே வீணாகப் போவது பணம் மட்டுமல்ல. அமெரிக்காவில் விமானக் கம்பெனிகளைச் சேராத விமானங்கள் 2 லட்சத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானங்கள். நான்கு பேர் உட்காரக் கூடிய செஸ்னா 172 இதற்கு நல்ல உதாரணம். இவற்றை ஓட்டுபவர்கள் வழி கண்டுபிடிக்க இரண்டு வகை ஜி.பி.எஸ். கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, கையில் பிடிக்கும் கையடக்கக் கருவி. மற்றொன்று, விமானி முன்னால் உள்ள பேனலில் நிரந்தரமாகப் பொருத்தப்படும் கருவி.

நம்மிடம் விமானம் இல்லையே, இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டுமே கம்ப்யூட்டர்கள்தான். பிராசசர், மெமரி, டேட்டாபேஸ், திரை, சாஃப்ட்வேர் எல்லாம் இவற்றுக்குள்ளும் உண்டு. மேலும், 2003-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டில் இந்த இரண்டு வகைகளையும் மாதிரியாகக் கொண்ட ஜி.பி.எஸ். திரைகள் இருந்தன. அதை விளையாடியவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே இரண்டையும் இயக்கிப் பார்த்திருப்பார்கள். நான் விமானி அல்ல, சாஃப்ட்வேர் எழுதுபவன். அந்தக் கோணத்திலிருந்துதான் இரண்டையும் ஒப்பிடப் போகிறேன்.

ஜி.பி.எஸ். எப்படி இயங்குகிறது?

பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. உலகம் முழுவதும் சேவை தர குறைந்தது 24 தேவை. இப்போது 30-க்கும் மேல் இயங்குகின்றன. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் உள்ளது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்ற செய்தியை அது ஓயாமல் அனுப்பிக் கொண்டே இருக்கும்.

நம் கையில் உள்ள ரிசீவர் அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடுகிறது. ரேடியோ அலைகள் ஒளியின் வேகத்தில் பயணிப்பதால், நேரத்திலிருந்து தூரத்தைக் கண்டுபிடித்து விடலாம். நாம் இருக்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ரிசீவரின் சாதாரணக் கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடுகிறது என்பது நான்காவது எண். பள்ளியில் படித்த கணக்குதான்: தெரியாத எண்கள் நான்கு என்றால் சமன்பாடுகளும் நான்கு வேண்டும். எனவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். இந்த நான்கு என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது.

இந்த அமைப்பு 1995-ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. ஆரம்பத்தில் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தி விட்டார்கள். அன்று முதல் சில நூறு டாலர் விலையுள்ள கருவி கூடப் பத்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. கையடக்கக் கருவிகளுக்குப் பொற்காலம் பிறந்தது.

கையடக்கக் கருவியின் வசதிகள்

கையடக்கக் கருவிகளில் பெயர் பெற்றது கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் வரிசை. 2002-ல் வந்த 196 என்ற மாடல் கறுப்பு வெள்ளைத் திரை கொண்டது. நான்கு பென்டார்ச் செல்களில் இயங்கும். 2004-ல் வந்த 296 மாடலில் வண்ணத் திரையும், மலைகளின் உயரத்தைக் காட்டும் வசதியும் இருந்தன. 2005-ல் வந்த 396, செயற்கைக்கோள் ரேடியோ மூலம் மழை மேகப் படங்களை விமானிக்கே நேரில் காட்டியது. இந்த வசதி, கைப்பைக்குள் அடங்கும் பெட்டியில் கிடைத்தது.

இதன் நன்மைகள் லேப்டாப்பின் நன்மைகளைப் போன்றவையே. சொந்த விமானம் இல்லாமல் வாடகை விமானம் ஓட்டுபவர், தன் கருவியை எந்த விமானத்துக்கும் எடுத்துப் போகலாம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து நாளைய பயணத்தின் வழியைப் பதிவு செய்யலாம். மெக்கானிக் தேவையில்லை. அரசு அனுமதியும் தேவையில்லை. விலை சில நூறு டாலரில் தொடங்கி இரண்டு மூன்று ஆயிரம் டாலர் வரை போகும்.

சங்கடங்களும் உண்டு. கருவியை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினை. திருப்பும் பிடியில் மாட்டினால் மற்ற மீட்டர்களை மறைக்கும். கண்ணாடியில் ஒட்டினால் வெயிலில் சூடாகும். சார்ஜர் வயர், ஆன்டெனா வயர் எல்லாம் சேர்ந்து காக்பிட், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜையின் பின்பக்கம் மாதிரி ஆகி விடும்.

பேனல் கருவியின் வசதிகள்

பேனல் கருவிகளில் புகழ் பெற்றது அதே கார்மின் நிறுவனம் 1998-ல் கொண்டு வந்த ஜி.என்.எஸ். 430. ஒரே பெட்டிக்குள் ஜி.பி.எஸ்., தரையில் உள்ள பழைய ரேடியோ வழிகாட்டி நிலையங்களைப் பிடிக்கும் ரிசீவர், கட்டுப்பாட்டு அறையுடன் பேசும் ரேடியோ மூன்றும் இருந்தன. இதுவும் இதன் அண்ணனான 530-ம் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றன. 2011-ல் இவற்றின் இடத்துக்குத் தொடுதிரை கொண்ட ஜி.டி.என். 650, 750 கருவிகள் வந்தன.

பேனல் கருவிக்கு மின்சாரம் விமானத்திலிருந்தே வருகிறது. ஆன்டெனா விமானத்தின் கூரை மேல் திறந்த வானத்தைப் பார்த்தபடி இருக்கும். கருவி சொல்லும் வழியை ஆட்டோபைலட்டுடன் இணைக்கலாம். விமானி எப்போதும் பார்க்கும் முள் மீட்டரிலேயே "இடப் பக்கம் விலகி விட்டாய், வலப் பக்கம் திரும்பு" என்று காட்டும்.

விலைதான் தலை சுற்ற வைக்கும். புதிய கருவி ஒன்று பத்தாயிரம் டாலரைத் தாண்டக் கூடும். அதைப் பொருத்த அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். பொருத்திய பின் அதற்கான ஆவணங்களையும் சேர்க்க வேண்டும். வெயிலில் நிறம் மங்கிய பழைய செஸ்னா ஒன்றில் அந்த விமானத்தின் மதிப்பில் கணிசமான பகுதியை இந்த ஒரு பெட்டி விழுங்கி விடும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: இரண்டும் அதே செயற்கைக்கோள்களைப் பார்க்கின்றன. இரண்டும் விமானம் இருக்கும் இடத்தை ஒரே அளவு துல்லியமாகக் காட்டுகின்றன. அப்படியிருக்க, ஐந்து மடங்கு, பத்து மடங்கு பணம் எதற்கு?

பணம் துல்லியத்துக்கு அல்ல

நல்ல வெளிச்சத்தில், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, மலிவான கருவிக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தெரிவது தவறு நேரும்போதுதான்.

2004-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றின் அணுக் கடிகாரம் கெட்டுப் போனது. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லவில்லை. நல்ல செயற்கைக்கோளைப் போலவே தவறான செய்தியை அனுப்பிக் கொண்டிருந்தது. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தினர் அதை "நம்ப வேண்டாம்" என்று குறிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை வந்து விடும். அந்த மூன்று மணி நேரத்தில் பிழை அதைவிடப் பல மடங்காக வளர்ந்து கொண்டே போனது.

நான்கு செயற்கைக்கோள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் கருவி இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்டுபிடிக்க முடியாது. நான்கு சமன்பாடுகளுக்கு எப்போதும் ஒரு விடை வந்து விடும். அது சரியான விடையா என்று பார்க்க வழியில்லை. ஐந்தாவது செயற்கைக்கோள் தெரிந்தால், நான்கு நான்காக மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு விடைகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கலாம். ஒத்துப் போகவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆறாவதும் தெரிந்தால் பொய் சொல்வது யார் என்பதையும் கண்டுபிடித்து விலக்கி விடலாம். இந்தச் சோதனைக்கு ரெய்ம் என்று பெயர்.

மேகத்துக்குள் வழிகாட்ட அனுமதி பெறும் பேனல் கருவி, தன் கணக்கு நம்பத்தக்கதா என்பதை இப்படிச் சோதித்தே தீர வேண்டும். இது விதி. தரையிறங்கும் நேரத்தில் பிழை 0.3 கடல் மைலைத் தாண்டக் கூடும் என்று தெரிந்தால் (ஒரு கடல் மைல் என்பது 1.85 கி.மீ.), 10 விநாடிக்குள் விமானியை எச்சரிக்க வேண்டும். கையடக்கக் கருவிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அது ஒரு விடை கிடைத்தால் திரையில் விமானப் படத்தை அழகாக வரைந்து விடும்.

பின்னர் இந்தச் சோதனையை இன்னும் கூர்மையாக்கும் அமைப்புகளும் வந்தன. அமெரிக்காவில் 2003 ஜூலையில் வாஸ் என்ற அமைப்பு செயல்படத் தொடங்கியது. தரையில் உள்ள நிலையங்கள் செயற்கைக்கோள்களைக் கண்காணித்து, பிழைகளையும் திருத்தங்களையும் இன்னொரு செயற்கைக்கோள் வழியாக விமானங்களுக்குத் தெரிவிக்கும். இந்தியாவில் இதே வேலையைச் செய்வது ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று இதைப் பயன்படுத்தி ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கியது. வாஸ் சிக்னலைப் பல கையடக்கக் கருவிகளும் பிடிக்கும். அதனால் அவற்றின் துல்லியம் கூடும். ஆனால் எச்சரிக்கும் கடமை அவற்றுக்கு அப்போதும் வந்து விடாது.

வீட்டுக் கம்ப்யூட்டர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள மெமரியில் எப்போதாவது ஓர் எழுத்து தானாக மாறிப் போனால், பெரும்பாலும் அது நமக்குத் தெரியாது. வங்கியின் சர்வரில் உள்ள மெமரி, தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வகையைச் சேர்ந்தது. வேகம் அதிகமில்லை, விலை மட்டும் அதிகம். ஆனால் வங்கிக்காரர் அதைத்தான் வாங்குவார். பேனல் கருவி அந்த சர்வர் போன்றது.

சாஃப்ட்வேரில் உள்ள வித்தியாசம்

நாம் வாங்கும் சாஃப்ட்வேர் ஹேங் ஆனால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறோம். விமானக் கருவிகளின் சாஃப்ட்வேருக்கு டி.ஓ.-178 என்ற தனி விதிமுறை இருக்கிறது. 1992-ல் அதன் இரண்டாவது திருத்தமும், 2011-ல் மூன்றாவது திருத்தமும் வெளிவந்தன. அதன்படி, சாஃப்ட்வேர் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்து அதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஆபத்து அதிகமாக அதிகமாக, சோதனைகளும் கடுமையாகும். உயர்ந்த நிலைகளில், எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் எழுதப்பட்டது, எந்தச் சோதனையில் அது ஓடிப் பார்க்கப்பட்டது என்று காட்ட வேண்டும். சாதாரண அலுவலக சாஃப்ட்வேரை இந்த முறையில் எழுதச் சொன்னால், எங்களில் பலர் வேலையை விட்டே ஓடி விடுவோம்! ஹார்ட்வேருக்கும் டி.ஓ.-160 என்ற சோதனை உண்டு. வெப்பம், குளிர், அதிர்வு, ஈரம், மின்னல் எல்லாவற்றையும் கருவி தாங்க வேண்டும்.

இன்னொரு முக்கிய வித்தியாசம், ஓடுதளத்தை நோக்கி இறங்கும் வழி பற்றியது. மேகத்துக்குள்ளிருந்து இறங்கும் விமானம் எந்தப் புள்ளி வழியாக, எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை அரசு அளந்து வெளியிடுகிறது. மலைகளும் கோபுரங்களும் மோதாத வழி அது. பேனல் கருவியில் இந்த வழி முழுவதையும் டேட்டாபேஸிலிருந்து அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டும். விமானி தன் விருப்பப்படி புள்ளிகளைச் சேர்த்து ஒரு வழியைத் தயாரித்துக் கொள்ள முடியாது. 1990-களின் விதிப்படி செய்யப்பட்ட கருவிகளிலேயே, நெடும்பயணத்தில் முள் முழுவதும் சாய 5 கடல் மைல் விலக வேண்டும். விமான நிலையத்தை நெருங்கினால் 1 மைல் விலகினாலே போதும். இறங்கும் கடைசிக் கட்டத்தில் 0.3 மைல் போதும். முள் தானாகவே கண்டிப்பான வாத்தியார் ஆகி விடும்.

அழகான திரையின் ஆபத்து

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கண்ணால் தரையைப் பார்த்து மட்டுமே பறக்க லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், கையடக்கக் கருவியுடன் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். போய்ச் சேர வேண்டிய ஊரை மேகம் மூடியிருக்கிறது. திரையிலோ ஓடுதளம் பளிச்சென்று தெரிகிறது. "இன்னும் 4 மைல்தானே, நேராகக் கோட்டின் மேல் போனால் இறங்கி விடலாம்" என்று மனம் சொல்லும். கருவி இல்லாவிட்டால் அவர் திரும்பிப் போயிருப்பார். மேகத்துக்குள் நுழைந்த பின், பயிற்சி இல்லாதவருக்கு எது மேல், எது கீழ் என்பதே தெரியாமல் போய் விடும். ஓடுதளம் எங்கே என்று கருவி காட்டும். விமானத்தின் இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதற்கு நிஜமாகத் தெரியாது.

மழை மேகப் படங்களும் இப்படித்தான். விமான விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பான என்.டி.எஸ்.பி., 2012 ஜூனில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. திரையில் "படம் 1 நிமிடம் பழையது" என்று காட்டினாலும், உண்மையான மழை நிலவரம் சில சமயம் அதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்பதே அது. பல ரேடார் படங்களைச் சேர்த்து ஒட்டி அனுப்ப நேரமாவதே காரணம். திரை காட்டுவது, அந்தப் படம் ஒட்டி முடிக்கப்பட்ட நேரத்தை. இந்த ஆபத்து கையடக்கக் கருவி, பேனல் கருவி இரண்டுக்கும் பொது. புயலின் பக்கத்தில் 20 நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

பேனல் கருவியும் தெய்வம் அல்ல

பத்தாயிரம் டாலர் கொடுத்து விட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ணக் கூடாது. பேனல் கருவியின் முதல் பலவீனம் மின்சாரம். சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆல்டர்னேட்டர்தான் இருக்கும். அது நின்று போய், பேட்டரியும் தீர்ந்தால், பேனல் முழுவதும் இருண்டு விடும். அந்த நேரத்தில் கைப்பையில் தனி பேட்டரியுடன் கிடக்கும் சின்னக் கருவிக்கு விலை மதிப்பே கிடையாது.

இரண்டாவது பலவீனம், இயக்குவதில் உள்ள சிக்கல். 430 போன்ற கருவிகளில் ஒரு குமிழுக்குள் இன்னொரு குமிழ் இருக்கும். வெளிக் குமிழைத் திருப்பி இடத்தையும், உள் குமிழைத் திருப்பி எழுத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். குலுங்கும் விமானத்தில் இது எளிதல்ல.

மூன்றாவது, டேட்டாபேஸ். சான்று பெற்ற சாஃப்ட்வேர் கூட, கேட்டதைத்தான் தரும், நினைத்ததைத் தராது. 1995 டிசம்பர் 20-ம் தேதி கொலம்பியாவில் காலி நகரத்துக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பெரிய ஜெட் விமானம் மலையில் மோதியது. 163 பேரில் 159 பேர் இறந்தனர். விமானிகள் ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்காக 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தை விமானத்தின் கம்ப்யூட்டரில் கொடுத்தனர். டேட்டாபேஸில் அந்த எழுத்து, போகோட்டா பக்கத்தில் இருந்த ரோமியோ என்ற நிலையத்துக்கு உரியதாக இருந்தது. விமானம் இருட்டில் அந்தப் பக்கம் திரும்பியது. சிறு விமானத்தில் உள்ள கருவி வேறுதான் என்றாலும், பட்டியலில் முதலில் வருவதைப் பார்க்காமல் 'ஓகே' கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் பொது. இன்டர்நெட்டில் எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துகிறோமே, அதே பழக்கம்தான்.

டேட்டாபேஸை 28 நாட்களுக்கு ஒரு முறை அப்டேட் செய்யவும் வேண்டும். உலகம் முழுவதும் விமானத் தகவல்கள் இந்த 28 நாள் கணக்கில்தான் மாறுகின்றன. அதற்கு ஆண்டுச் சந்தா தனி. ஆன்டி வைரஸ் வாங்கி விட்டு அப்டேட் செய்யாமல் வைத்திருப்பது போன்றதுதான், பேனல் கருவி வாங்கி விட்டு டேட்டாபேஸைப் புதுப்பிக்காமல் பறப்பதும்.

டேப்லெட் வந்த பிறகு

2010-ல் ஐபேட் வெளிவந்த பிறகு, கையடக்கக் கருவிகளின் இடத்தைப் பெருமளவு டேப்லெட் பிடித்துக் கொண்டது. வரைபடங்கள், விமான நிலைய விவரங்கள், வானிலை எல்லாம் பெரிய திரையில் கிடைக்கின்றன. கிலோ கணக்கில் காகிதம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் ஐபேடை இயக்க ஏற்ற வெப்பநிலை 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வெயில் நேராக அடிக்கும் காக்பிட்டில் அது சூடாகி, தானாகவே அணைந்து போவது உண்டு. வசதி கூடியிருக்கிறது. கையடக்கக் கருவியின் அடிப்படைக் குறை அப்படியேதான் இருக்கிறது.

விதிகள் தேவையில்லாமல் விலையை ஏற்றுகின்றன என்று விமானிகள் பலர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விற்பனை எண்ணிக்கை குறைவு, ஆவணங்கள் அதிகம். இதை உணர்ந்து அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. 2016-ல் கட்டாயமில்லாத சில பாதுகாப்புக் கருவிகளுக்கு விதிகளைத் தளர்த்தியது. அது நல்ல முடிவு. ஆனால் மேகத்துக்குள் வழிகாட்டும் ஜி.பி.எஸ்.ஸுக்குச் சான்று வேண்டும் என்பதை அது விட்டுக் கொடுக்கவில்லை. அதுவும் நல்ல முடிவு என்பேன்.

என் கருத்து

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்.

1. பகல் வெளிச்சத்தில், தரையைக் கண்ணால் பார்த்து மட்டும் பறப்பவருக்குக் கையடக்கக் கருவி அல்லது டேப்லெட் போதும். மிச்சப்படும் பணத்தைப் பெட்ரோலுக்கும் பயிற்சிக்கும் செலவிட்டால் அதுவே பெரிய பாதுகாப்பு.

2. மேகத்துக்குள் பறக்கப் பயிற்சியும் லைசென்ஸும் பெற்றவர், ஜி.பி.எஸ். துணையுடன் இறங்க வேண்டும் என்றால் சான்று பெற்ற பேனல் கருவியைத்தான் வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பணம் இல்லை என்றால் மேகத்துக்குள் போகாமல் இருப்பதே சிக்கனம்.

3. பேனல் கருவி இருந்தாலும், சார்ஜ் ஏற்றிய ஒரு கையடக்கக் கருவி பையில் இருக்க வேண்டும். வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருந்தாலும் யு.பி.எஸ். வைத்திருக்கிறோம் அல்லவா?

4. இரண்டு ஜி.பி.எஸ். இருப்பதால் இரண்டு வழிகாட்டிகள் இருப்பதாக நினைக்கக் கூடாது. இரண்டும் அதே வானத்திலிருந்து அதே சிக்னலைத்தான் கேட்கின்றன. சிக்னலை யாராவது அடைத்தாலோ, பொய்யான சிக்னலை அனுப்பினாலோ இரண்டும் சேர்ந்து ஏமாறலாம். 2023-ல் ஈராக் வான்வெளியில் போன பயணிகள் விமானங்களுக்கே இப்படிப் பொய் சிக்னல்கள் கிடைத்தன. எனவே திசைகாட்டி, தரை ரேடியோ நிலையங்கள், காகித வரைபடம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் பழக்கத்தை விடக் கூடாது.

நமக்கு என்ன பயன்?

விமானம் வாங்காதவர்களுக்கும் இதில் எடுத்துக் கொள்ள ஒன்று உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எவ்வளவு வேகம், எவ்வளவு மெமரி, எத்தனை அங்குலத் திரை என்று கேட்கிறார்கள். இவை எல்லாம், எல்லாமே சரியாக இருக்கும்போது கருவி எப்படி இருக்கும் என்று சொல்பவை. இவற்றோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது தவறு செய்தால் எனக்குச் சொல்லுமா? இதில் உள்ள தகவல் என்றைக்கு அப்டேட் செய்யப்பட்டது? கரண்ட் போனால் என்ன ஆகும்? ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், ஆன்டி வைரஸ், செல்போனில் உள்ள வரைபடம் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று கேள்விகள் பொருந்தும். முதல் கேள்விக்கு 'சொல்லாது' என்று பதில் வந்தால், அந்தக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி, திரும்ப முடியாத இடத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்தால், ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும், எக்ஸ்-பிளேன் விளையாட்டிலும் 430, 530 கருவிகளின் மாதிரிகள் உள்ளன. செஸ்னா 172-ஐ எடுத்துக் கொண்டு, வானிலையில் அடர்ந்த மேகத்தை வைத்து, ஜி.பி.எஸ். வரைபடத்தை மட்டும் பார்த்து ஓடுதளத்தில் இறங்க முயலுங்கள். அடுத்த முறை, டேட்டாபேஸிலிருந்து இறங்கும் வழியை முழுவதுமாக எடுத்து, முள்ளைப் பின்பற்றி இறங்கிப் பாருங்கள். இரண்டு முறையும் திரையில் நீங்கள் இருக்கும் இடம் சரியாகவே தெரியும். ஆனால் முதல் முறையில் எத்தனை தடவை மோதினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இருக்கும் இடம் தெரிவது வேறு, பத்திரமாகப் போய்ச் சேருவது வேறு என்பது விளங்கும். சிமுலேட்டரில் மோதினால் மறுபடியும் தொடங்கலாம். நிஜ விமானத்தில் அந்த பட்டன் இல்லை.